கண்ணாடி எடுக்கச் சொன்னேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கண் வைத்தியம் நடக்கும். கொழும்பிலிருந்து வரும் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வருகிறவர்களில் அநேகருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நினைத்துச் சம்மதித்தேன்.

முதல் நாளே குழம்பிப்போனேன். மண்டபத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். வாசலோரம் இருந்தவர் எழுத்துப் பலகையைக் காட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, இலக்கம் எழுதிக் கொடுப்பார். அவர் டொக்டர் இல்லை. மறைப்புக்குப் பின்னால் சின்ன விளக்கால் கண்ணுக்குள் பார்த்தவர்தான் டொக்டர். மருந்து கொடுப்பதும் வெட்டுவதும் அவர் வேலை. இது எனக்குப் பிடிபடவே மத்தியானமாகிவிட்டது. அதற்குள், கண் சிவந்து பீளை தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எழுத்துப் பலகைக்கு முன்னாலும், பேப்பர் வாசிக்கக் கண்ணாடி கேட்டு வந்த தபால்காரரை டொக்டருக்கு முன்னாலும் இருத்திவிட்டிருந்தேன்.

மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்த தையல்காரர் ஒருவர் கடைசியாக வந்தார். ஐம்பது தாண்டிய முஸ்லிம் பெரியவர்; அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எந்தத் துணியும் புகைக்குள் கிடப்பதுபோல் தெரிகிறது என்றார். டொக்டர் பார்த்துவிட்டு, லென்ஸ் மங்கிவிட்டது, கொழும்புக்கு வந்தால் எடுத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார்.

லென்ஸுக்குத் தமிழில் என்ன? நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். யோசிக்க நேரமில்லை.

"மங்கிப்போச்சு, காக்கா. கொழும்புக்குப் போய்க் கண்ணாடி எடுக்கவேணும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடி எடுக்கக் கொழும்புக்கு ஏன் போகவேண்டும், நகரத்திலேயே கடை இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். எந்த இலக்கமும் சரிவரவில்லை, டொக்டரிடம் போங்கள் என்று கடைக்காரர் சொல்லியும், டொக்டர்தான் அனுப்பினார் என்று பிடிவாதமாகச் செய்வித்திருக்கிறார். புகை அப்படியே இருந்தது.

"நீங்கதானே ரீச்சர் எடுக்கச் சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. பாடசாலைக்கு ஓடி விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கண்ணின் படத்தில் கதிராளி, கண்மணி, வில்லை, விழித்திரை என்று அம்புக்குறிகள் போட்டிருந்தன. லென்ஸ் என்பது வில்லை. நிம்மதியோடு அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"வில்லையெண்டா? விழுங்கிற குளிசையா?" என்று கேட்டார்.

படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் கண்ணுக்கு அதுவும் புகையாகத்தான் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை மூடினேன்.

"கண்மணிக்குப் பின்னால, சேட்டுப் பொத்தானைவிடச் சின்னனா, பளிங்கு மாதிரி ஒண்டு இருக்கு. அதாலதான் வெளிச்சம் உள்ளுக்குப் போகும். அது வெள்ளையாப் போச்சு. வெட்டி எடுக்கவேணும். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அதை எடுத்தா, பிறகு என்னத்தால பாக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை. மறைப்புக்குப் பின்னால் போய்க் கேட்டேன். எடுத்த பிறகு தடித்த கண்ணாடி போடவேண்டும் என்றார் டொக்டர். வந்து சொன்னேன்.

"அப்ப கண்ணாடிதானே?" என்றார்.

"ஓம். ஆனா இது இல்ல, அதுக்குப் பிறகு." சொல்லும்போது எனக்கே ஒன்றும் விளங்காததுபோல் இருந்தது. எப்படியோ அவருக்கு விளங்கியது. டொக்டரிடம் கொழும்புக்குத் துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து, கண்கள் ஊதித் தெரியும் தடித்த கண்ணாடியோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலை வைத்து என்னை வயதான ஆள் என்று நினைத்திருந்தாராம். நூல் கோக்க இன்னும் கஷ்டம்தான், ஆனால் துணியின் நிறங்கள் சரியாகத் தெரிகின்றன என்றார்.

கூட மனைவியும் வந்திருந்தார். அவருடைய வெள்ளை விழியில் சதைபோல ஒன்று வளர்ந்து கறுப்பு விழிவரை வந்திருந்தது. இது என்ன, இதற்கு யாரிடம் காட்டவேண்டும் என்று இருவரும் என்னைக் கேட்டார்கள்.

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன்.