இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டர்

போன வாரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு வேனுக்குப் பின்னால் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வேன் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றது. கண்ணை எரிக்கும், பாதி எரிந்த டீசல் வாடை. "ஒரு வாடைக்கு யாராவது இப்படி மூஞ்சிய வச்சிருப்பாங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. வாடைக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தொடங்கினால் வீடு போய்ச் சேர்ந்தாலும் முடியாது. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் சொல்கிறேன்.

சின்ன வயதில் எனக்கு டீசல் வாடை என்றால் உயிர். பன்விலவில் எங்கள் தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்ற வரும் லொறியின் பின்னால் நானும் குணாவும் ஓடுவோம். வளைவில் அது மூச்சு வாங்கும்போது வருகிற புகையை நெஞ்சு நிறைய இழுப்போம். இன்றைக்கு மழைக் குளிர் பட்டாலே என் நெஞ்சு விசிலடிக்கிறது என்றால் அந்தப் பாவம்தான். குணாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு எப்போதும் எதுவும் ஆகாது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குணா பக்கத்துக் காம்பிராக்காரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. கண்டிக்கு வேலை தேடி வந்ததும் ஒரே பஸ்ஸில். இரண்டு பேரும் மெடிக்கல் ரெப் ஆனோம், வெவ்வேறு கம்பனிகளில். கழுத்தில் டை, கையில் மருந்துப் பை, டொக்டர் வீட்டு வாசலில் நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருப்பு. உள்ளே போனதும் இருமல் மருந்தின் மகிமையை ஒப்பிக்க வேண்டும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குணா அப்படி இல்லை. கொண்டுபோன மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், டொக்டரின் மகள் எந்த வகுப்பு, நாய்க்குச் சொறி மாறியதா என்று கேட்டே விற்றுவிட்டு வருவான். அவனைப் பார்த்துத்தான் நான் பேசப் பழகினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறை. ஒரு அலுமாரி, இரண்டு கட்டில், சுவரில் ஓர் ஆணி. வேலையில் சேர்ந்த ஐந்தாவது வருசம் அந்த ஆணியில் இரண்டு கார்ச் சாவிகள் தொங்கின. ஒரே மாதத்தில், ஒரே ரகத்தில், யாரோ ஓட்டிக் களைத்த இரண்டு சின்ன டீசல் கார்கள். அவனுடையது சிவப்பு, என்னுடையது சாம்பல். இரண்டும் டேர்போ. மேட்டில் மிதித்தால் பொனட்டுக்குள் மெல்லிசாக ஒரு விசில் கிளம்பும், பிறகு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி ஏறும். அந்த விசிலைக் கேட்பதற்காகவே தேவையில்லாத மேடுகளில் ஏறியிருக்கிறேன். எங்கள் லயத்திலிருந்து கார் வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். முதலில் வாங்கியது யார் என்று கேட்டால் இருவருமே "அவன்தான்" என்போம். அப்படி இருந்தோம்.

வண்டிகளுக்கு வைத்தியர் நளீம் நானா; முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்வது போல நாங்களும் நானா என்போம். அலவத்துகொடையில் றோட்டு ஓரத்தில் கராஜ். சாப்பிட உட்காரலாம் போலத் தரை சுத்தமாக இருக்கும். ஒரு டொக்டர் கழித்துப்போட்ட ஸ்டெதஸ்கோப்பை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் காதில் மாட்டி எஞ்சினில் வைத்துக் கேட்பார். இன்ஜெக்டர் என்றால் என்ன என்று எனக்கு விளங்கவைத்தவர் அவர்தான். "ஊசி மருந்து மாதிரித்தான் தம்பி. அளவு கூடினாலும் பிழை, கொறஞ்சாலும் பிழை, நேரம் தப்பினாலும் பிழை." டேர்போ வண்டியில் காற்று அமுக்கமாகப் போவதால் டீசலும் கணக்காகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும் என்பார்.

ஒரு முறை நானா என் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பெரிய சர்விஸ் ஒன்று செய்து தந்தார். வண்டி பூப்போல ஓடியது. அடுத்த வாரம் குணா, "மச்சான், என் வண்டி கராஜ்ல நிக்கிது. குருநாகல் பக்கம் மூணு நாள் வேலை இருக்கு, உன் வண்டியக் கொண்டு போகவா?" என்றான். கேள்வியே தேவையில்லை, ஆணியில் சாவி தொங்குகிறது. மூன்று நாள் நான் பஸ்ஸில் போனேன். நான்காம் நாள் டாங்கி நிறைய டீசலோடு, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டான். சக்கரத்துக்குக்கூடப் பொலிஷ் போட்டிருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் அப்படிக் கழுவியதே இல்லை.

பிறகுதான் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தகரத்தில் கல் போட்டுக் குலுக்குவது போல் ஒரு தட்டல். பின்னால் வெள்ளைப் புகை. மேட்டில் விசில் வரும், தள்ளு வராது. எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். நானாவிடம் கொண்டுபோனேன், குணாவும் கூட வந்தான். நானா ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். டீசல் பில்டரைக் கழற்றிப் பார்த்தார், அதில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"தண்ணி கலந்த டீசலாவும் ஈக்கலாம். ஆனா எனக்கு இன்ஜெக்டர்லதான் சந்தேகம். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, செக் பண்ணிப் பாப்பம்."

திரும்பி வரும்போது குணா சொன்னான்: "விடாதடா. போன மாசம் எஞ்சினத் தொறந்தது யாரு? அவருதானே. அதுக்கு முந்தி ஏதாச்சும் கொறை இருந்துச்சா?"

இருக்கவில்லை. சந்தேகம் என்பது எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்று பாருங்கள். அத்தனை வருசம் என் வண்டியைக் கையில் வைத்துத் தாங்கிய மனிதர், கட்டுகஸ்தோட்டை வருவதற்குள் எனக்குத் திருடனாகிவிட்டார். அதை மனதுக்குள் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. மற்ற ரெப்மாரிடம் சொன்னேன். நாலைந்து பேர் தங்கள் வண்டிகளை வேறு கராஜுக்கு மாற்றினார்கள்.

இதற்கிடையில் அப்பாவுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை வெட்டத் தேதி கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அப்பா என் காரில் முதல் தடவையாக ஏறினார். லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. புறப்படும்போது குணா போன் பண்ணினான். "வழியில எங்கயும் நிக்காம வாடா, நேரம் போயிரும்." எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

வத்தேகமவில் அப்பா, "ஒரு நிமிசம் நிப்பாட்டுப்பா" என்றார். வயசான மனுசன், அடக்க முடியாது. நிறுத்தி, பழக்கதோசத்தில் எஞ்சினையும் அணைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து ஏறினார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். பற்றரி சோர்ந்துபோனது. கடையில் நின்ற ஆட்கள் வந்து தள்ளினார்கள். அப்பாவும் இறங்கி, கண் தெரியாமல், காரின் பின் கண்ணாடியில் கை வைத்துத் தள்ளினார். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அன்றைய ஆட்களை உள்ளே எடுத்து முடித்திருந்தார்கள். தாதி வேறு தேதி எழுதித் தந்தார், மூன்று மாதம் தள்ளி.  திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "நல்ல கார்தான்ப்பா. சீட்டு மெத்து மெத்துன்னு இருந்துச்சு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நேரே அலவத்துகொடை. கராஜில் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் கத்தினேன். "என் நல்ல சாமானக் கழட்டி எடுத்துட்டு யாரோட ஓட்டை சாமானப் போட்டீங்க?" நளீம் நானாவின் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"போகாதீங்க. பக்கத்துல நின்டு பாருங்க" என்றார்.

நான்கு சேலைன் குழாய்கள், நான்கு சின்னப் போத்தல்கள். அவையும் நான் கொடுத்தவைதான். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனக்கு வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற டீசல் ஒவ்வொரு போத்தலில் விழும்படி மாட்டினார். எஞ்சினை ஒருவாறு கிளப்பினார். ஒன்றாம், நான்காம் போத்தல்களில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் மளமளவென்று நிறைந்தன. உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டர் அப்படித்தான், டீசலைப் பிடித்து வைக்காது. ஸ்டார்ட் ஆகத் தேவையான அமுக்கம் வராது, சூடானால் இன்னும் மோசம்.

அதோடு நிறுத்தவில்லை. இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் இலக்கமுமாக ஓர் அடையாளம் வெட்டியிருக்கும். அதே அடையாளம் வண்டியின் கம்ப்யூட்டரிலும் பதிந்திருக்க வேண்டும். நானா தன் லப்டொப்பை மாட்டி இரண்டையும் ஒப்பிட்டார்.

"ரெண்டு ஒங்கட பிள்ளை. ரெண்டு யாருட பிள்ளையோ" என்றார். "மாத்தினவனுக்குக் கம்ப்யூட்டருக்குச் சொல்லத் தெரியல்ல. நான் மாத்தியிருந்தா அதையும் செஞ்சிருப்பேன் தம்பி." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதே மாதிரி வண்டி ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கிட்ட ஈக்கி?"

 கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு அடையாளங்களை ஒரு மருந்து விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குணா குளிக்கப் போயிருந்தான். ஆணியிலிருந்து அவன் சாவியை எடுத்துக்கொண்டு, சவரக் கண்ணாடியோடு முற்றத்துக்குப் போனேன். பொனட்டைத் திறந்து, எஞ்சின் மூடியை இழுத்துக் கழற்றி, லேஞ்சித் துணியால் அழுக்கைத் துடைத்தேன். எட்டிப் பார்க்க முடியாத இடம். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வாசித்தேன். பொருந்தவில்லை. அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, சந்தோசத்தில். குணாவைப் போய் நினைத்தோமே என்று. பிறகுதான் கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும் என்பது என் மரமண்டைக்கு ஞாபகம் வந்தது. மறுபடி எழுந்து, ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பி வாசித்தேன். இரண்டாவது பொருந்தியது. மூன்றாவதும் பொருந்தியது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "என்னடா, என் வண்டிய நோண்டுற?"

தாளை நீட்டினேன். இது என்ன என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் முடிந்துபோனது.

"எங்க மாத்துன?"

"கலகெதரயில, என் வண்டி நின்ன கராஜ்ல. புது இன்ஜெக்டர் வாங்கக் காசில்ல. வண்டி இல்லாட்டி வேலைக்கு வராதன்னு மனேஜர் சொல்லிட்டாருடா. சத்தியமா ரெண்டு மாசத்துல புதுசு போட்டுத் தரலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

"தெரியும். குடுத்துட்டு நீ பஸ்ல போயிருப்ப. லயமே உன்னைய நல்லவன்னு சொல்லியிருக்கும். எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு."

எனக்கு ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. "அப்பாவக் கூட்டிட்டு வர்றேன்னு உனக்குத் தெரியும்தானே?"

துவாயைப் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை. "எங்கயும் நிக்காம வந்தா வந்து சேந்துருவேன்னு நெனச்சேன்" என்றான்.

அடுத்த நாள் இரண்டு கார்களும் நானாவின் கராஜில் பக்கம் பக்கமாக நின்றன. என்னுடையவை எனக்குத் திரும்பின. நானா குணாவிடம், "அந்த வெளிச்சத்தப் பிடிங்க" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. வேலை முடிந்ததும், நின்றவர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: "நான் தப்பாப் பேசிட்டேன் நானா."

"அன்டைக்கு நெறயப் பேர் கேட்டாங்க தம்பி," என்றார். "இன்டைக்குக் கொஞ்சப் பேர்தான் ஈக்காங்க."

மற்ற ரெப்மாரிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் புது இடம் பழகிவிட்டது என்றார்கள். அப்பா அடுத்த தேதிக்குப் பஸ்ஸில் வந்து கண் வெட்டிக்கொண்டார், நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் காரில் அவர் மறுபடி ஏறவே இல்லை. குணா அந்த வாரமே அறையைக் காலி செய்தான். அலுமாரியில் அவன் பாதி வெறுமையாக இருந்தது, நான் என் உடுப்பை அந்தப் பக்கம் பரப்பவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியாது.

நளீம் நானாவின் கராஜ் இருந்த இடத்தில் இன்று குளியலறைச் சாமான் விற்கிறார்கள். அந்த ரகக் கார்களை றோட்டில் காண்பதே இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. போன மாதம் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மூன்றாம் வகுப்பில் எனக்கும் குணாவுக்கும் நடுவில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பையனை நினைத்தேன். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவன். போகிற அன்று தன் சிலேட்டை எங்களிடம் விட்டுப்போனான். முகம் தெரிகிறது, உடைந்த முன்பல் தெரிகிறது, பேர் வரவில்லை. மூன்று நாள் யோசித்தும் வரவில்லை. அந்தப் பேரைத் தெரிந்த ஒரே ஆள் இப்போது குருநாகலில் இருக்கிறான். அவனுடைய நம்பரும் என்னிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.