குத்தகைக்கு எடுத்த குளிர்

ஐம்பது வயதைத் தாண்டி, மாதவிடாய் நின்ற கையோடு, என் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள். முன்னறிவித்தல் எதுவும் கிடையாது. மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பேன், திடீரென்று கழுத்திலிருந்து உச்சிவரை பற்றி எரியும். மொன்றியலில் பனி கொட்டும் தை மாதத்தில் சமையலறை யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். முன்வீட்டுப் பிரெஞ்சுக்காரி கை காட்டுவாள். நானும் காட்டுவேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ தெரியாது.

என் கணவர் இதற்கு நேர்மாறு. டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கி வெளிக்குளிரில் நின்றே காலம் போனதில், தன் எலும்பெல்லாம் குளிரைக் குடித்துவிட்டது என்பது அவர் கட்சி. ஆடி மாதத்திலும் குரங்குத்தொப்பி போட்டுக்கொண்டு படுக்கிற மனிதர். எனக்குச் சூட்டுடம்பு வரும், அவருக்குக் குளிருடம்பு வரும் என்று பொருத்தம் பார்த்த சாத்திரியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல பொருத்தம் என்று சொல்லி, தட்சிணையை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் எங்கள் வீடு இருக்கிற சென்ட் லோரன்டிலேயே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறேன். மருந்து பழுதாகாமல் இருக்க அங்கே நல்ல குளிராக வைத்திருப்பார்கள். வேலை நேரம் முழுக்க நானும் ஒரு குளிசையைப் போலப் பழுதாகாமல் இருப்பேன். வீட்டுக்கு வந்தால்தான் வில்லங்கம். படுக்கையறை யன்னலை நான் திறப்பேன், அவர் பூட்டுவார். மின்விசிறியை நான் போடுவேன், அவர் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைப்பார். கடைசியில் ஒரு கோடையில் நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே பேஸ்மென்டுக்குப் போய்விட்டேன்.

பேஸ்மென்ட் குளிர்ச்சிதான். ஆனால் அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் மீன் வைக்கிற பெரிய ஃபிரீசர் இருந்தது. அது நினைத்த நேரம் தும்மும். இத்தனை வருஷம் ஒரு மனிதரின் குறட்டைக்குப் பழகிவிட்டு விளைமீனோடும் இறாலோடும் படுப்பது எனக்குத் துக்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சூடு தாங்காமல் போனேனே தவிர, அவரை விட்டுப் போகவில்லை.

அதை ஊருக்கு யார் விளங்கப்படுத்துவது? டொரன்டோவில் இருந்து மச்சாள், அதாவது அவருடைய தங்கை, வந்து நின்றவள் கீழே உடுப்புக் காயப்போடப் போய் என் கட்டிலைக் கண்டுவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம். திரும்பிப் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த கிழமை பாரிஸில் இருந்து என் சின்னம்மாவின் மகள் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, பிரிஞ்சு போட்டியளாம். இந்த வயசிலை இது தேவையோ? அத்தான் குடிக்கிறவரோ?"

"அவர் வெறும் தேத்தண்ணி குடிக்கிறவர்," என்றேன். "எனக்கு அவியுது. அதுதான் கீழை படுக்கிறன்."

"அப்பிடித்தானக்கா சொல்லோணும். பிள்ளையளுக்காகவாவது அப்பிடித்தான் சொல்லோணும்," என்று இன்னும் அழுதாள்.

அந்த அழைப்புக்குப் பிறகுதான் என் கணவருக்கு ரோசம் வந்தது. தெர்மோபொம் ஒன்று பூட்டுவோம் என்றார். வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டி, படுக்கையறைச் சுவரில் ஒரு பெட்டி. கோடையில் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுமாம். மாரியில் வெளியே இருக்கிற சூட்டை உள்ளே இழுக்குமாம். மாரியில் மொன்றியலில் வெளியே என்ன சூடு இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்குதாம்," என்றார். "எங்களுக்குத்தான் தெரியேல்லையாம்."

கொம்பனிக்கு அவரே தொலைபேசி எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பிரெஞ்சு என்பது மூக்கால் கதைக்கிற ஆங்கிலம் என்பது அவருடைய நீண்டகாலக் கொள்கை. அந்தக் கொள்கையை வைத்துக்கொண்டே விமான நிலையத்தில் காலம் தள்ளியவர். மறுமுனையில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "லொக்காசியோன்?" என்று முடித்தாள்.

"ஓம், ஓம், லொக்காசியோன்," என்றார் இவர். "லொக்காசியோன் சென்ட் லோரன்ட்."

அவள் இன்னொரு தரம் கேட்டாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு விலாசத்தை எத்தனை தரம் கேப்பாள்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளுக்கு உரத்த குரலில், "உய், மதாம்! லொக்காசியோன்!" என்றார். அவள் மெர்சி என்று நன்றி சொன்னாள். பெட்டிகள் வந்தன, பூட்டினார்கள், ஒரு பலகைக் கணினியில் விரலால் கையெழுத்து வாங்கினார்கள். என் கணவர் முன்வீட்டுக்காரிக்கு வெளிப்பெட்டியைக் காட்டி, "மை மெஷின்," என்று பெருமைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட வந்த எங்கள் மகள்தான் விஷயத்தை உடைத்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், கொம்பனி அனுப்பிய கடிதத்தை வாசித்து, அப்பா தொலைபேசியில் கதைத்ததையும் கேட்டாள்.

"அப்பா, அவை விலாசம் கேக்கேல்லை. லொக்காசியோன் எண்டால் வாடகை. வாங்கிறியளோ வாடகைக்கு எடுக்கிறியளோ எண்டு கேட்டிருக்கினம். நீங்கள் வாடகைக்கு எண்டு கத்தியிருக்கிறியள். பத்து வருஷத்துக்கு இந்த மெஷின் அவையின்ரை."

எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுப்பதென்றால் கலியாணத்துக்குக் கதிரையும் குத்துவிளக்கும்தான். வீட்டுச் சுவரில் ஆணியடித்துப் பூட்டிய பொருள் இன்னொருவனுடையது என்பது என் கணவருக்குத் தலையில் விழுந்த இடி. சோற்றைப் பாதியிலேயே விட்டு எழும்பினார். பிறகு இரண்டொரு நாள் வெளிப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அதற்குப் பிறகு முகம் தெளிந்து உள்ளே வந்தார்.

"இஞ்சேரும், இது வாடகை இல்லை. குத்தகை," என்றார். "வாடகைக்காரன்தான் கீழானவன். குத்தகைக்காரன் தவணை முடியுமட்டும் ராசா. காணிக்காரன் கால் வைக்கேலாது. விளைச்சல் முழுக்கக் குத்தகைக்காரனுக்கு."

"இதிலை என்னப்பா விளையும்?"

அதற்கும் பதில் வைத்திருந்தார். கோடையில் அந்த மெஷின் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும். அந்தக் குழாயின் கீழே வாளியை வைத்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் வாளியைத் தூக்கிப் பார்த்து, "இண்டைக்கு நல்ல விளைச்சல்," என்றோ, "மந்தம்," என்றோ அறிவித்தார். எங்கள் கறிவேப்பிலைச் சாடிக்கு வேறு தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு. முன்வீட்டுக்காரிக்கும் ஒரு போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் மிக்க நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

குத்தகைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்ததுபோல இருக்க வேண்டுமாம். அதனால் ரிமோட்டைப் பொலித்தீன் பையில் போட்டு, இறுக்கி றப்பர் வளையம் மாட்டினார். மற்றவர்களின் பொருள், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று அதைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். என் கைக்கு அது எட்டக்கூடாது என்பதுதான் உண்மைக் காரணம் என்று எனக்குத் தெரியாதா? நான் மேலே படுக்க வந்த இரவிலிருந்து அதைத் தன் போர்வைக்குள்ளே, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தார்.

அன்று மேலே வரும்போதே நானும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "ஒரு கிழமை மேலை படுத்துப் பாக்கிறன். அவிஞ்சால் கீழை போறதுதான். பேந்து வரமாட்டன். உங்கடை தங்கச்சி என்ன எண்டாலும் சொல்லட்டும்."

அவர் இருபத்தாறு பாகையில் வைத்துவிட்டு, ரிமோட்டோடு போர்வைக்குள் புகுந்தார். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்போது பற்றி எரியப்போகிறதோ என்று காத்துக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குளிர்காற்று இறங்கியது. தயங்கித் தயங்கி வந்த காற்று பிறகு நன்றாகவே வீசியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினேன்.

காலையில் எழும்பியபோது நெஞ்சு நிறைந்து போயிருந்தது. குரங்குத்தொப்பி மனிதர் எனக்காக அல்லவா குளிரைக் கூட்டிவைத்திருக்கிறார்! வாய் திறந்து சொல்லாமல், போர்வைக்குள் ஒளித்துச் செய்திருக்கிறார். உளுந்து அரைத்து வைத்திருந்தேன். தோசை சுட்டு, இடித்த சம்பலோடு கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார். அடுத்தநாளும் குளிர்ந்தது, அடுத்தநாளும் தோசை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் தலையணை உறையைக் கழற்றி உதறினார்.

"உம்மட்டை வேறை ரிமோட் இருக்கோ?" என்றார்.

பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். தான் செய்த நல்லதை மறைக்கத் தெரியாமல் மறைக்கிறார் என்று நினைத்தேன். அவரோ சிரிக்கவில்லை. சுவெட்டர் போட்டார். பிறகு இரண்டாவது போர்வை. அவர் எவ்வளவு இறுக்கிப் போர்த்தாரோ அவ்வளவுக்கு மெஷின் உறுமியது. கிழமை முடியுமுன் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துவிட்டது. குத்தகைப் பொருள் பழுதென்றால் சொந்தக்காரன்தான் திருத்த வேண்டும் என்று கொம்பனிக்கு எடுத்தார். இந்தமுறை மகளைக் கொண்டு கதைத்தார்.

தாடி வைத்த, பருத்த ஒரு மெக்கானிக் வந்தார். மெஷினைத் திறந்தார், பூட்டினார், ஒரு குறையும் இல்லை என்றார். இருபத்தாறில் வைத்தால் இருபத்தாறில் நின்றது. ஆனாலும் அவர் போன பிறகு அன்றிரவும் அதே உறுமல். மறுபடி வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, ஆங்கிலத்தில், "பகலில் சரியாக இருக்கிறது. இரவில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதை அப்படியே எனக்குச் செய்து காட்டுங்கள், மிஸ்யூ," என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலைக் காட்டினேன். போய்ச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். சுவெட்டர் போட்டார், குரங்குத்தொப்பியை இழுத்துவிட்டார், ரிமோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி இரண்டு போர்வையையும் மூக்குவரை மூடினார். வெளியே ஆடி வெயில் கொளுத்துகிறது. மெக்கானிக்குக்கு என் தையல் கதிரையைப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு இருக்கவிடலாமா என்று தேத்தண்ணீரும் பயித்தம் பணியாரமும் கொண்டுவந்தேன். நாங்கள் இருவரும் தேத்தண்ணீர் குடித்தபடி என் கணவர் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நித்திரை கொள்ள வேணுமோ எண்டு கேளும்," என்றார் அவர் போர்வைக்குள்ளிருந்து.

தேவையில்லையாம் என்று சொன்னேன். கொஞ்சநேரத்தில் மெஷின் உறுமத் தொடங்கியது. மெக்கானிக் எழும்பி, மரியாதையோடு போர்வையின் ஓரத்தைத் தூக்கினார்.

"மிஸ்யூ, கையில் என்ன?"

பொலித்தீன் பையைப் பிரித்துப் பார்த்தார். றப்பர் வளையம் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தானை அழுத்தினால், மெஷின் அறைச்சூட்டைத் தானாக அளக்காதாம். ரிமோட் இருக்கிற இடத்தின் சூட்டைத்தான் அறைச்சூடென்று நம்புமாம். ரிமோட்டோ இரண்டு போர்வைக்கும் சுவெட்டருக்கும் நடுவில் இருந்தது. உள்ளே வெந்துகொண்டிருந்ததை அறையே வேகிறதென்று எண்ணி, மெஷின் இரவிரவாகக் குளிரைக் கொட்டியிருக்கிறது. இவருக்கு விறைக்க விறைக்க இன்னும் போர்த்தியிருக்கிறார். போர்த்தப் போர்த்த அது இன்னும் கொட்டியிருக்கிறது.

"இதை நிறுத்தவா? ஒரு தட்டுத்தான்," என்று மெக்கானிக் விரலை நீட்டினார்.

"பேந்து நான் செய்யிறன்," என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார் என் கணவர். மெக்கானிக் ஒரு சிரிப்பும் சிரிக்காமல் படியிறங்கிப் போனார். தன் வான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அது குலுங்கியதை யன்னலால் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. மனிதர் எனக்காகக் குளிரைக் கூட்டவில்லை. என்னிடமிருந்து ரிமோட்டை ஒளிக்கப்போய்க் குளிர் கூடியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு கிழமையாக நான் யாருக்குத் தோசை சுட்டேன்? ஒரு றப்பர் வளையத்துக்கா? அவருக்கும் கோபம்தான். என்னிடம் கள்ள ரிமோட் இருக்கிறதென்று சந்தேகப்பட்டதை இனி என்னவென்று சொல்லிச் சமாளிப்பது என்ற கோபம். அன்று பின்னேரம் வாளியைக்கூட அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

படுக்கப் போகிற நேரம் நான் தலையணையை எடுத்துக்கொண்டு அறைவாசலுக்கு வந்தேன். இனி அந்தப் பொத்தானை நிப்பாட்டிவிடுவார், இருபத்தாறு இருபத்தாறாகவே நிற்கும், நான் அவிந்துபோவேன். மீன்களோடு படுப்பதுதான் விதி என்றால் படுப்போம் என்று நினைத்தேன். படியில் காலை வைக்கும்போது, "எங்கை போறீர்?" என்றார் பின்னாலிருந்து.

"கீழை. உங்கடை மெஷின் திருந்திப் போச்செல்லோ."

அவர் கட்டிலில் இருந்தபடி ரிமோட்டைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். அடைத்த குரலில் ஒரு செருமல். பிறகு அதைப் பொலித்தீன் பையில் போட்டார், றப்பர் வளையத்தை அதே இடத்தில் மாட்டினார், போர்வையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்? விறைக்குமெல்லோ!"

"விறைக்கும்தான்," என்று குரங்குத்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். "நீர் கீழை படுத்த நாளிலை இதைவிட விறைச்சது."

மெஷின் மெல்ல உறுமத் தொடங்கியது. நான் உள்ளே வந்து, எனக்கென்று மடித்து வைத்திருந்த போர்வையையும் விரித்து அவர்மேல் போட்டேன்.