வரம் பாடாத கொடை

தொண்ணூற்றெட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த ஆனி மாதம், எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னவன் நான்தான். கமிட்டி சொன்னது, பையன்கள் சொன்னார்கள் என்றெல்லாம் பின்னால் பலர் எனக்காகப் பரிந்து பேசினார்கள். அந்தப் பரிவு எனக்கு வேண்டாம்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். வயது முப்பது. பையன்களை அதட்டி அதட்டியே வாய் நீண்டுபோயிருந்தது. சொந்த ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். அண்ணன் அங்கே வயல் பார்த்தான். கால்பந்தில் என்னைவிடப் பெரிய பைத்தியம் அவன். முந்தின வருசம் அப்பா இறந்ததும் எங்கள் கோவிலில் சாமியாடும் உரிமை அவனுக்கு வந்தது. தொண்ணூற்றெட்டுக் கொடைதான் அவனுக்கு முதல் கொடை.

எங்கள் சாமி ஒரு காலத்தில் மனிதர். ஊர்க்காவல் பார்த்தவரைக் கூட இருந்தவர்களே பிடரியில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வில்லுப்பாட்டில் அவர் பிறந்ததைப் பாடுவார்கள், வெட்டுப்பட்டதைப் பாடுவார்கள், கடைசியில் கைலாயம் போய் வரம் வாங்கித் தெய்வமாகத் திரும்புவதைப் பாடுவார்கள். வெட்டு வரும்போது சாமியாடிக்கு அருள் வரும். வரம் பாடி முடித்ததும் சாமி அவன் உடம்பை விட்டு மலையேறும். அதன் பிறகே பூசாரி சாமியாடியின் கையில் கட்டிய காப்புக் கயிற்றை அவிழ்ப்பார். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும்.

கொடை வெள்ளிக்கிழமை. அன்று ஏழரைக்கு அர்ஜென்டினா ஆட்டம். கோவிலுக்கு எதிரே வாசகசாலையில் வாடகைக் கலர் டி.வி. ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். பாட்டு பிந்தித் தொடங்கியதால் ஏழேகால் ஆகியும் வெட்டிலேயே நின்றது. சீரியல் விளக்கும் மைக்கும் மின்சாரத்தை இழுத்ததில் டி.வி.யில் படம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. பையன்கள் கத்தினார்கள். நான் மேடைக்குப் போனேன்.

பாடிய அம்மா திசையன்விளைக்காரர். நாற்பது வயது, கணீரென்ற குரல்.

“போதும்மா, முடிச்சிருங்க. ஆட்டம் இருக்கு” என்றேன்.

வில்லின் மேல் ஓங்கிய கோலை அந்த அம்மா இறக்கவில்லை. “சார்வாள், ஆளை வெட்டிப் போட்டுட்டு எந்திரிக்கச் சொல்லுதீகளே. வரம் பாடாண்டாமா?”

“நாலு தலைமுறையா வரம் குடுத்தாச்சு. ஒரு வருசம் பிந்தினா சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு.”

கூட்டம் சிரித்தது. எனக்கு அதில் ஒரே பெருமை. மைக் அணைந்ததும் டி.வி.யில் படம் விரிந்தது. ஆட்டம் முடிந்து பார்த்தபோது பாட்டுக்காரர்கள் அடுத்த ஊர்க் கொடைக்கு வேன் ஏறிவிட்டிருந்தார்கள்.

அண்ணன் அரிவாளோடு கோவில் முன்னால் நின்றான், தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவனைப் போல. பூசாரி காப்பை அவிழ்க்க வந்தார். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“வரம் இன்னும் வாங்கலையே வே.”

காப்புக் கட்டியவனுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. மீன், கறி கூடாது. பாயில்லாமல் தனியாகப் படுக்க வேண்டும். வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அண்ணன் அத்தனையையும் கடைப்பிடித்தான். முதல் மூன்று நாள் ஊரே கேலி செய்தது. நாலாம் நாள் கேலி தானாக நின்றது. அவனைக் கண்டால் ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் அடிக்கடி கழுத்தின் பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டு, “பிடரி கனக்கு” என்றான். சாமி வெட்டுப்பட்ட அதே இடம். ஆனாலும் நம்ப மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். நாலு இடம் கூட்டிப்போய் நல்லதாக வாங்கிக்கொடுத்தால் தெளிந்துவிடுவான் என்று பள்ளிக்கு லீவு போட்டேன்.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. அருவியில் எல்லோரும் கூச்சலிட்டுக் குளிக்க, அண்ணன் மட்டும் பிடரியைக் குனிந்து கொடுத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அடுத்தவர்கள் திட்டத் தொடங்கியதும் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருலே. இன்னும் ரெண்டு அடி அடிக்கட்டும்” என்றான்.

வெளியே வந்து மங்குஸ்தான் பழம் வாங்கி உரித்துக் கொடுத்தேன். ஒரு நேரம் சாப்பிட்டாயிற்று என்று கையிலேயே வைத்திருந்தான். வீடு வந்து சேரும் வரை அது கையிலேயே கறுத்தது.

இன்னொரு நாள் டவுனில் ஆனித் தேரோட்டம். அன்றைய ஒரு வேளையை அல்வாவாகவே சாப்பிடு என்று கெஞ்சி, இலையில் சுடச்சுட வாங்கிக் கொடுத்தேன். வாயில் வைத்தான், மெல்லவில்லை. ரத வீதி முனையில் தேர் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. வடம் பிடித்த ஆயிரம் பேரும் களைத்து நின்றார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்தான். அவன் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

“பாதியில நிக்குதே. நிலைக்குப் போயிருமாலே?”

போய்விடும் என்றேன். அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

கால் இறுதி ஆட்டங்களையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். கோல் விழுந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவன் அவன். இப்போது, “இது எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்டான். அண்ணன் மனைவி, என் மதினி, என்னை அடுப்படிக்கு அழைத்தாள்.

“தம்பி, அவுக முகம் அவுக முகமா இல்ல. அந்த அம்மாவக் கூட்டியாந்து மிச்சத்தைப் பாடச் சொல்லுங்க.”

மறுநாளே திசையன்விளைக்குப் போனேன். அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மிச்சம்னு தனியாக் கிடையாது சார்வாள். பொறப்புலேருந்து பாடணும். திரும்பவும் வெட்டணும். அதுக்கு மேலதான் வரம்.”

வேறு வழியில்லை. இறுதி ஆட்டம் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நாள் குறித்தோம். ஊரே வந்தது. வெட்டுப் பாடியதும் அண்ணனுக்கு அருள் வந்தது. மூன்று சுற்று ஆடினான். நாலாவது சுற்றில் விழுந்தான்.

சாமியாடி விழுவது புதிதில்லை. ஆனால் மைதானத்தில் விழுந்த எத்தனையோ பையன்களைத் தூக்கிப் பார்த்தவன் நான். அண்ணனின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை துணி போலத் தொங்கியது. அது என்னவென்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பாட்டுக்காரர்கள் வந்த வேன் பத்தடியில் நின்றது.

பாட்டு தானாக நின்றது. “சார்வாள், நிறுத்தவா, பாடவா?” என்று அந்த அம்மா மைக்கிலேயே கேட்டார். அண்ணன் தலையை மடியில் வைத்திருந்த மதினி என்னைப் பார்த்தாள். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. முதல் தடவை நிறுத்தியதற்கு இரண்டு வாரம் பட்டிருந்தோம். இன்னொரு தடவை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

“பாடுங்க” என்றேன்.

முக்கால் மணி நேரம் பாடினார்கள். வரம் கிடைத்தது, குலவை போட்டார்கள், பூசாரி காப்பை அவிழ்த்தார். அதற்குப் பிறகுதான் அண்ணனை வேனில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, பிடரி கனத்தது அதனால்கூட இருக்கலாம் என்றார். விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன். “விழுந்ததும் தூக்கிட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் பிழைத்தான். பேச்சு குழறுகிறது. வலது கை வரவே இல்லை. ஆனால் முகம் பழையபடி அவன் முகமாகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான். அவனைக் காப்பாற்றியது வரம்தான் என்கிறது ஊர். மதினியும் அப்படித்தான் நம்புகிறாள். ஒவ்வொரு கொடையிலும் படைத்த பொங்கலில் முதல் கையை எனக்கு எடுத்துவைத்து, “நீங்க பாடச் சொன்னதாலதான் தம்பி அவுக இருக்காக” என்பாள். நான் வாங்கிச் சாப்பிடுவேன். பக்கத்தில் அண்ணனுக்கு அவள் ஊட்டிவிடுவாள். டாக்டர் சொன்னதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அன்றைக்குத் தூக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பொங்கலை அண்ணன் தன் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டிருப்பான்.