ஞானராஜின் கல்யாணக் கோட்டு

ஆவூரில் ஜெயராணி துவைத்த வேட்டி கொடியில் ஏறினால், கண்மாய்க் கொக்குகள் வெட்கப்பட்டு ஊரைவிட்டே பறந்துவிடும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தண்ணீர் வற்றியதால் போயிருக்கலாம். ஆனால் அவள் கைக்கு வெளுக்காத துணி இல்லை என்பது மெய்.

ஈரல் கெட்டுப்போன அவள் கணவன் ஞானராஜை, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவன் கேட்டது ஒன்றுதான். தன்னைக் கல்யாணக் கோட்டோடு சவப்பெட்டியில் வைக்க வேண்டும். அவன் அப்பாவும் அப்படித்தான் போனார். சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தில் அந்தக் கோட்டைப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கலெக்டர் தோற்றுப்போகும் மிடுக்கில் நிற்பான்.

டிரங்குப் பெட்டியில் கிடந்த கோட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. தண்ணீரில் போடக்கூடாது, ட்ரை க்ளீனிங் மட்டும் என்று உள்ளே தைத்திருந்தது. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "புதுசா ஆக்கிரலாம்க்கா. எந்தத் தேதிக்கு வேணும்?"

அவள் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விசேஷத் தேதியச் சொல்லுங்க. மொத நாளே குடுத்துருவேன்."

எந்த நாளுக்கு முதல் நாள்? ஒரு தேதியைச் சொன்னால், அன்றைக்கு அவன் சாகட்டும் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். கோட்டைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வாளித் தண்ணீரில் ஷாம்பு கலந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அலசினாள்.

"என்ன புள்ள, எனக்கு முந்திக் கோட்டுக்குத் தண்ணி ஊத்துறியா?" என்றான் கட்டிலில் கிடந்த ஞானராஜ்.

"பேசாமப் படுங்க."

காய்ந்ததும் உள்துணி சுருங்கிக் கோட்டு கோணியது. இஸ்திரி போட்டும் நிமிரவில்லை. அவனிடம் சொல்லாமல் மடித்து வைத்தாள்.

தவக்கால வெள்ளி ஒன்றில் அவன் போனான். குளிப்பாட்டிக் கோட்டை மாட்டினார்கள். செபமாலை சுற்றிய கைகளை மார்பில் சேர்த்தபோது, இரண்டு மணிக்கட்டும் வெளியே துருத்தி நின்றன. ஜெயராணி கோட்டுக் கையை இழுத்து இழுத்து விட்டாள். எட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டாரு மதினி. அதையும் தண்ணியில போட்டுச் சுருக்கிப்புட்டேன்."

தலைமாட்டில் இருந்த ஞானராஜின் அக்கா ஷர்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சுருக்கலத்தா. கல்யாணத்தன்னைக்கே அது எட்டல. டைலர் கட்டையா வெட்டிப்புட்டான். நீதான் தலைய நிமித்தவே இல்லையே. போட்டோக்காரன் வந்ததும் ரெண்டு கையையும் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான். ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியமும் வாங்கிக்கிட்டான்."