பொயிலருக்குக் கண்ணூறு

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் செவன் கிங்ஸில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தம்பி முறையான ஆனந்தனும் மனைவி வசந்தியும் புதிதாக வாங்கிய வீடு. புதிது என்றால் அவர்களுக்குப் புதிது. வீடு என்னைவிட மூத்தது... வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் கிட்டத்தட்ட என் செட்.

காலடி வைத்ததும் குசினிக்குள் 'டும்' என்று ஒரு சத்தம். நான் குனிந்துவிட்டேன். நாங்கள் விட்டு வந்த ஊரில் அந்தச் சத்தத்துக்குக் குனியாதவன் லண்டன் வந்து சேர்ந்திருக்கமாட்டான்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, அது பொயிலர்" என்று சிரித்தான் ஆனந்தன். "நெருப்புப் பத்தேக்கை அப்பிடித்தான். எங்களுக்குப் பழகிப்போச்சு."

யுத்தத்தில் ஷெல் எந்தப் பக்கம் விழும் என்று சத்தத்தை வைத்தே சொன்ன சனம் நாங்கள். சொந்தக் குசினிக்குள் வெடித்தால் என்ன செய்கிறோம்? ரீவி சத்தத்தைக் கூட்டுகிறோம்!

சோபாவில் மகள் அபி நித்திரை. நாலு வயது. பழைய பிளாட்டில் என் மூக்குக்கண்ணாடியை டாய்லெட்டுக்குள் போட்ட அதே அபி.

"இஞ்சை வந்தாப் பிறகு நல்ல பிள்ளையாகிட்டாள் அண்ணை. சத்தமே இல்லை, எந்த நேரமும் நித்திரைதான்" என்றாள் வசந்தி பெருமையாக. சொல்லிக்கொண்டே நெற்றியில் தைலம் தேய்த்தாள்.

"தலையிடியோ தங்கச்சி?"

"மூண்டு பேருக்கும்தான். புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் வீட்டைப் பாத்த பார்வை அப்பிடி. பொல்லாத கண்ணூறு அண்ணை!"

ஆதாரமும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் செத்தல் மிளகாயைத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவாளாம். வீடு முழுக்கக் கமறும். கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மூவரும் கார்டனில் நின்று இருமுவார்கள். கொஞ்ச நேரத்தில் தலையிடி பறந்துவிடும். வேறென்ன சாட்சி வேண்டும்?

வெளிக்காற்று பட்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெயர் வாங்கியது மிளகாய்.

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். "அலாரம் எங்கை ஆனந்தன்?"

"மிளகாய் எரிக்கவே விடுதில்லை அண்ணை. ரெண்டையும் கழட்டி மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன். ஒண்டு புகைக்குக் கத்துறது. மற்றது சும்மா இருக்கேக்கையும் கத்துது... பழுது. அதின்ரை பற்றரியை ரிமோட்டுக்குப் போட்டிட்டன்."

சும்மா கத்தியதாம்! அந்த 'மற்றது' கார்பன் மொனொக்சைட் அலாரம். வீட்டிலேயே புத்தியோடு பேசிய ஒரே ஜீவன். அதன் வாயை அடைத்து, ரீவிக்குச் சத்தம் கூட்டும் ரிமோட்டுக்கு உயிர் கொடுத்திருக்கிறான் இந்த மனுசன்.

"காஸ் மணக்கேல்லையே அண்ணை..." என்று இழுத்தான்.

தலையிடி, நித்திரை என்று வந்து ஆளைக் கொல்லும் அந்த வாயு மணக்காது. அதுதானே அதன் கெட்டித்தனம்! குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆடியது. சுவரில் இருந்த கரிக்கறையை மறைக்க ஒரு முருகன் காலண்டர். முருகனுக்கும் முகம் கறுத்திருந்தது.

"பொயிலரை நிப்பாட்டு! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வா!"

தூக்கியபோது அபியின் தலை துவண்டு வசந்தியின் தோளில் விழுந்தது. வாசலில் வைத்துக் கூப்பிட்டோம். கண் திறக்கவில்லை. அம்புலன்ஸுக்கு அடித்தேன். இத்தனை வருஷம் இந்தப் பத்தியில் ஊரையெல்லாம் நக்கலடித்த வாய் இது. அந்த வாசலில் நின்று பிள்ளையின் பெயரைத் தவிர வேறொன்றும் அதற்கு வரவில்லை.

குளிர்காற்றில் அபி ஒருவாறு முனகினாள். ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். காஸ் எமர்ஜென்சி ஆட்கள் வந்து காஸை மூடிவிட்டுப் போனார்கள்.

இனி, இதை வாசிக்கும் உங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். பொயிலர் கேத்தில் மாதிரி இரைந்தால், பெரும்பாலும் லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு. 'டும்' என்றால் உடனே நிப்பாட்டுங்கள். பதிவு செய்த காஸ் என்ஜினியரைக் கூப்பிடுங்கள் — "மச்சானுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" வேண்டாம். காரை வருஷா வருஷம் சேர்விஸுக்கு விடுகிறோமே, காருக்குள்ளா பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம்? மிளகாய் எரிக்க வேண்டுமா, தாராளமாக எரியுங்கள். அலாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நேற்று வசந்தி எனக்கு ஃபோன் எடுத்தாள். புதுப் பொயிலர் போட்டாயிற்றாம். மூச்சுக்காட்டாமல் வேலை செய்கிறதாம்.

"ஆனா இவள் பழையபடி குழப்படி அண்ணை! இண்டைக்கு ரிமோட்டை டாய்லெட்டுக்குள்ளை போட்டிட்டாள்." பின்னால் அபி வீடு இடிய அலறுவது கேட்டது. "கேக்குதோ? ஒரு நிமிசம் சும்மா இருக்கிறாளில்லை!"

"கத்தட்டும் விடு தங்கச்சி" என்றேன். "அந்தச் சத்தம் நிண்டால் மட்டும் எனக்கு ஃபோன் எடு."