வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டணம்

கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் வரைபடப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இரண்டு மூன்று வருடம் சின்னப் பட்டறைகளில் இருந்துவிட்டுச் சேர்ந்த வேலை. படம் வரைவது நான், கீழே கையெழுத்துப் போடுவது இன்னொருவர். பட்டம் பெற்றவரின் கையெழுத்துதான் செல்லும் என்று கம்பெனியில் ஒரு விதி வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். ஆனாலும் நான் வரைந்ததை இன்னொருவர் மேசைக்கு எடுத்துப்போய் நிற்கும்போதெல்லாம் மனசு சுருங்கும். நாற்பத்தொரு வயதில், படித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்று மாலை நேர பி.இ. படிப்பு இருக்கிறது. அன்னூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கும் என் கணவரிடம் முதலில் சொன்னேன்.

“ஏம்புள்ள, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளாஸ்னா ஊட்டுக்கு எப்ப வருவே?”

“ஒம்பதரை பஸ்ஸப் புடிச்சு வந்துருவனுங்க.”

“சோறு நான் வடிச்சுக்கறேன். கொழம்ப மட்டும் காலைலயே வெச்சுப்போட்டுப் போயிரு” என்றார்.

விண்ணப்பித்தேன். டிப்ளமோ மதிப்பெண்ணையும் அனுபவத்தையும் பார்த்து இடம் கொடுத்தார்கள். சேர்க்கைக்குப் போன அன்றுதான் அலுவலக வாசலில் புது அறிவிப்பைப் பார்த்தேன். மாலை நேரப் படிப்பு இனி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதனால் இந்த வருடத்திலிருந்து கட்டணம் இரண்டு மடங்கு. அதையும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். விண்ணப்பம் வாங்கும்போது எங்களிடம் சொன்னது பழைய கட்டணத்தை.

வரிசையில் எனக்கு முன்னால் உக்கடத்திலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். லேத் பட்டறையில் மேற்பார்வையாளர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அறிவிப்பைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“பையனுக்கும் இந்த வாரந்தானுங்க அம்மணி காலேஜ் சீட் கெடச்சுது. ரெண்டு பீஸ் ஒரே மாசத்துல முடியாதுங்க. அவன் மொதல்ல போகட்டும்.”

“இருங்கண்ணா, கேட்டுப் பாக்கலாம். கேக்காமப் போகாதீங்க” என்றேன்.

அலுவலகக் கண்காணிப்பாளர் என் வயதுள்ள பெண். மரியாதையாகத்தான் பேசினார். “நான் என்னங்க பண்றது? மேல எடுத்த முடிவுங்க. நீங்கெல்லாம் சம்பளம் வாங்கறவங்கதானுங்களே, கட்டிப்போடலாமுங்க.”

“சம்பளம் வாங்கறமுங்க. பகல்ல படிக்கற பசங்களுக்கு அப்பா அம்மா கட்டுவாங்க. அந்த அப்பா அம்மாவே நாங்கதானுங்க. எங்களுக்கு யாருங்க கட்டுவாங்க?”

அவர் முதல்வரைப் பார்க்க வழி மட்டும் காட்டினார். வரிசையில் நின்றவர்களில் பத்துப் பேர் சேர்ந்து போனோம். பெண் நான் ஒருத்திதான். பேச யாரும் முன்வராததால் நானே பேசினேன்.

பழைய கட்டணம் என்று நம்பித்தான் விண்ணப்பித்தோம், எங்களுக்காவது அதையே வையுங்கள் என்று கேட்டேன். முதல்வர் மறுப்பாகத் தலையாட்டினார். “அது என் கையில இல்லம்மா.”

“அப்ப தவணையாக் கட்ட விடுங்க சார்.”

“தவணைன்னா பாதியில நின்னு போயிருவீங்க. இந்த வயசுல குடும்பம், வேலைன்னு ஆயிரம் வரும். எத்தனை பேரப் பாத்திருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடுவது என் சுபாவம். “ஒரே கம்பெனியில பதினெட்டு வருசமா இருக்கறேனுங்க. பாதியில போறவளா இருந்தா எப்பவோ போயிருப்பேன்” என்றேன். பின்னால் நின்ற யாரோ, “நாங்களும் அப்படித்தானுங்க சார்” என்றார்கள்.

முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார். எழுதிக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கட்டணம் குறையவில்லை. ஆனால் மாலை நேர மாணவர்கள் ஒவ்வொரு பருவத்தின் கட்டணத்தையும் மூன்று தவணையாகக் கட்டலாம், சேர இன்னும் ஒரு வாரம் அவகாசம் என்று உத்தரவு வந்திருந்தது.

அப்படியும் எனக்குக் கைப்பணம் போதவில்லை. மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாமென்று நாங்கள் சேர்த்து வந்த பணம் இருந்தது. கணவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவரே வந்து, “மாடி ரூம் அப்பறம் கட்டிக்கலாம். நீ போயி சேந்துரு” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பேன்.

உக்கடத்து அண்ணனுக்குத் தவணையும் எட்டவில்லை. “அடுத்த வருசம் பாக்கலாமுங்க” என்று போனில் சொன்னார். பேசப் போன பத்துப் பேரில் சேர்ந்தது ஏழு பேர்.

வகுப்பு நினைத்ததைவிடக் கடினம். படம் வரைவதும் இயந்திரப் பாடங்களும் கைக்குப் பழகியவை. கணக்குத்தான் என்னைக் கவிழ்த்தது. இருபது வருடத்துக்கு முன்னால் மூடிய புத்தகம். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கரும்பலகையில் இருப்பது எறும்பு ஊர்வது போலத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தாள். “அம்மா, மனப்பாடம் பண்ணாத. ஏன் அப்படி வருதுன்னு பாரு” என்பாள். அதே வார்த்தையை அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

முதல் பருவத்தில் கணக்கில் தோற்றேன். கம்பெனியில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பையன், “எதுக்குங்கக்கா இந்த வயசுல கஷ்டம்?” என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். “தோத்ததுக்குக் காரணம் வயசு இல்ல கண்ணு, வகையீட்டுக் கணக்கு” என்றேன். மறுபடி எழுதினேன். சிரமப்பட்டுத் தேறினேன்.

மறு வருடம் சேர்க்கை சமயத்தில் கல்லூரிப் படிக்கட்டில் யாரோ கூப்பிட்டார்கள். “ஏனுங்க அம்மணி!” உக்கடத்து அண்ணன். கட்டிவிட்ட ரசீது சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது.

“பையன் ரெண்டாம் வருசம் போறான், நான் மொத வருசம். இனி உங்களையும் சீனியர்னு கூப்புடணுமாட்ட இருக்குது” என்று சிரித்தார். பிறகு மெதுவாக, “கணக்கு ரொம்பக் கஷ்டங்கறாங்களே?” என்றார்.

“கஷ்டந்தானுங்கண்ணா. நானும் ஒரு தடவ விழுந்துதான் எந்திரிச்சேன். ஞாயித்துக்கிழம வாங்க, உக்காந்து பாக்கலாம்.”

அவர் வந்தார். மனைவி கொடுத்துவிட்ட சமோசாவோடு அன்னூருக்கு பஸ் ஏறி வந்தார். பன்னிரண்டாவது முடித்திருந்த என் மகள் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். என் கணவர் டீ வைத்தார். அண்ணன் முதல் முறையிலேயே தேறிவிட்டார்; என்னைவிட நல்ல மதிப்பெண். கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எனக்கு இன்னும் மூன்று பருவங்கள் பாக்கி இருக்கின்றன.