பூதக்கண்ணாடியின் வரிசை

தையல் ஆலையில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் பிசிறினாலும் கழித்துவிடுவாள். அவள் பார்க்கும் வரிசையில் காலர் தைப்பவன் அவள் புருஷன். கட்டினவனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே! அதனால் காலரை மட்டும் இன்னொரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ரோஷக்காரி. ரோஷம் சோறு போடுமா?

ஆர்டர் குறைந்தது. இரண்டு வரிசையில் ஒன்றை மூட வேண்டும். எதை என்று சொல்லப் புள்ளியியல் படித்த அதிகாரி ஒருவர் வந்தார். வரிசைக்கு நானூறு சட்டை எடுத்தார். இவர்கள் வரிசையில் கழிவு முப்பத்தாறு, அடுத்ததில் இருபது.

"ரெண்டு வரிசையும் ஒரே தரம்னு வச்சுக்குவோம். அப்ப இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர நூத்துக்கு மூணு வாய்ப்புகூட இல்ல. அஞ்சுக்குக் கீழ போனா மூடிடறதுன்னு முன்னாடியே பேசியாச்சு" என்றார். போகிற போக்கில், "கழிவுல மூணு சட்டை குறைஞ்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்றும் சொன்னார்.

புருஷனோடு வரிசை மொத்தமும் வீட்டுக்குப் போனது. அவளை மட்டும் மேனேஜர் விடவில்லை. இப்படிப்பட்ட கண் கிடைக்குமா என்று புகழ்ந்து, அடுத்த வரிசையில் உட்காரவைத்தார்.

முதல் சட்டைக் கட்டைப் பிரித்தாள். அதே பிசிறு, அதே கோணல். அந்த வரிசையின் பழைய செக்கர் சிரித்தாள். "இதையெல்லாம் யாருக்கா கழிப்பாங்க? தேய்ச்சா படிஞ்சிடும்."

அதிகாரி கூட்டியதும் வகுத்ததும் சரிதான். வரிசைக்கு ஒரு செக்கர் என்பதை அவர் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. அவரிடம் ஓடினாள்.

"ரெண்டையும் நானே பார்த்திருந்தா கணக்கு வேற மாதிரி வந்திருக்கும் சார்."

"இருக்கலாம்மா. மிஷினையெல்லாம் வித்தாச்சே. உனக்கு வேலை இருக்குல்ல, அப்புறம் என்ன?"

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்த முப்பத்தாறுல, காலருக்காக நீ கழிச்சது எத்தனை?"

"ஒன்பது."

"வேற எவன் பொண்டாட்டியாவது பார்த்திருந்தா, எனக்கு இன்னிக்கு வேலை இருந்திருக்கும்" என்றான்.